12 வயது வேகன்ஆர், 15,000 ரூபாய் எக்ஸஸ்: ஒரு ரின்யூவல் கணக்கு

மடிப்பாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார் இது. 2013 மாடல் வேகன்ஆர், பெட்ரோல், 998 சிசி. கோயில், ஆஸ்பத்திரி, எப்போதாவது செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் சொந்த ஊர், அவ்வளவுதான் ஓட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு கிளைம் போட்டிருக்கிறார். அதற்கப்புறம் எதுவும் இல்லை. அதனால் கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ், அதாவது என்சிபி, உச்சவரம்பான 50 சதவீதத்தில் நிற்கிறது.

போன ரின்யூவலுக்கு லண்டனில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஒரு கோட், அதாவது பிரீமியம் எவ்வளவு என்ற விலைக்குறிப்பு, தயார் செய்து அனுப்பியிருந்தார். பணம் கட்டுவதற்கு முன்னால் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார் ஆசிரியர். வண்டி பாலிசி எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால் இப்படி அடிக்கடி வரும். திறந்து பார்த்தால் வாலன்டரி டிடக்டபிள் என்ற இடத்தில் 15,000 ரூபாய். கிளைம் வந்தால் இவ்வளவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று நாமாகச் சொல்லும் தொகை இது; எக்ஸஸ் என்பதும் இதைத்தான். ஐடிவி, அதாவது வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பு மதிப்பு, ஒரு லட்சம்.

"சார், இந்தப் பதினஞ்சாயிரம் யார் போட்டது?"

"பையன்தான் தம்பி. அங்கெல்லாம் எக்ஸஸ் பெருசா வெச்சா பிரீமியம் நல்லா குறையுமாம். எப்படியும் நாம கிளைம் போடறதில்லையே, வெச்சா என்னன்னு கேக்கறான்."

மகன் சொன்னதில் அவர் ஊருக்குத் தப்பில்லை. பிரிட்டனில் கார் காப்பீடு பெரிய செலவு. கட்டாய எக்ஸஸுக்கு மேலே வாலன்டரி எக்ஸஸைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, பிரீமியம் எங்கே நன்றாக இறங்குகிறதோ அங்கே நிறுத்துவது அங்கே பலரும் செய்வது. அதே யோசனையை மடிப்பாக்கத்து வேகன்ஆரின் மேல் வைத்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஏன் என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கேஸை முழுதாக எழுதுகிறேன்.

தள்ளுபடி எங்கே கரைகிறது

முதலில் சட்டத்துக்காகக் கட்டுவதைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகை. 2022 ஜூன் முதல் வந்த கட்டணப்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய். எக்ஸஸ் ஒரு ரூபாயாக இருந்தாலும் ஒரு லட்சமாக இருந்தாலும் இந்தத் தொகை அசையாது. எக்ஸஸ் தொடுவது ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதியை மட்டும்தான்.

அந்தப் பகுதி இந்த வண்டிக்கு எவ்வளவு? மகன் போட்ட ஒரு லட்சத்தைப் பிறகு பார்க்கலாம்; இப்போதைக்கு ஐடிவி 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கொடுத்த அதிகபட்சம் அதுதான். பழைய கட்டணப் பட்டியலில் சென்னை 'ஏ' மண்டலம். அங்கே 1000 சிசிக்கு உட்பட்ட, 10 வயது தாண்டிய காருக்கு விகிதம் 3.362 சதவீதம். அப்படிப் பார்த்தால் 4,707 ரூபாய். ஓன் டேமேஜ் விலையைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்றாகிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் இந்தப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து தள்ளுபடி கொடுப்பதுதான் வழக்கம். இங்கே 40 சதவீதம் தள்ளுபடி. மிச்சம் 2,824 ரூபாய். அதில் என்சிபி பாதியை எடுத்துவிட்டால் 1,412. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 1,666.

இந்த 1,666-ஐக் கவனியுங்கள். வண்டிக்கு ஆகும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வருடத்துக்குக் கட்டுவது இவ்வளவுதான். இதிலிருந்து எக்ஸஸ் எவ்வளவைத்தான் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட முடியும்?

வாலன்டரி டிடக்டபிளுக்கான தள்ளுபடியும் அதே பழைய பட்டியலை ஒட்டித்தான் பெரும்பாலும் ஓடுகிறது. 2,500 ரூபாய் ஏற்றுக்கொண்டால் ஓன் டேமேஜில் 20 சதவீதம், ஆனால் 750 ரூபாய்க்கு மேல் கிடையாது. 5,000-க்கு 25 சதவீதம், உச்சம் 1,500. 7,500-க்கு 30 சதவீதம், உச்சம் 2,000. 15,000-க்கு 35 சதவீதம், உச்சம் 2,500. எக்ஸஸ் ஆறு மடங்காகும்போது தள்ளுபடி இரண்டு மடங்குகூட ஆவதில்லை என்பது பட்டியலைப் பார்த்த உடனே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது, கழிக்கும் வரிசை. கம்பெனித் தள்ளுபடி போன பிறகு மிஞ்சும் தொகையில்தான் இந்தச் சதவீதம் போடப்படுகிறது. என்சிபி கடைசியில் வருகிறது. அதாவது எக்ஸஸால் கிடைத்த தள்ளுபடியிலும் பாதியை என்சிபி விழுங்கிவிடும். ஆசிரியர் கையில் வருடத்துக்கு உண்மையில் நிற்பது, ஜிஎஸ்டி சேர்த்து, இவ்வளவுதான்:

2,500 எக்ஸஸுக்கு 333 ரூபாய்.
5,000-க்கு 417.
7,500-க்கு 500.
15,000-க்கு 583.

பிரீமியத்தில் இத்தனை வெட்டு வாங்கிய பிறகு, கிளைம் சமயத்தில் எக்ஸஸுக்கு ஒரு வெட்டும் கிடையாது. 15,000 என்றால் 15,000 முழுசாகக் கழியும். அதற்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாய டிடக்டபிள் 1,000 ரூபாய் வேறு. (1500 சிசி தாண்டினால் அது 2,000.)

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. என்சிபி இல்லாதவருக்கு, அதாவது சமீபத்தில் கிளைம் போட்டவருக்கு, இதே வண்டியில் இந்த மிச்சம் அப்படியே இரண்டு மடங்கு: 666, 833, 1,000, 1,166. வருடக்கணக்காக இடிக்காமல் ஓட்டியவருக்குத்தான் எக்ஸஸால் ஆதாயம் குறைவு. பெரிய எக்ஸஸ் யாருக்குப் பொருத்தம் என்று நாம் நினைப்போமோ, அவருக்கே அது பொருந்தாமல் போகிறது.

"எப்படியும் கிளைம் போடறதில்லையே"

மகன் சொன்ன இந்த ஒரு வரியை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது கேட்டுவிடுவேன். சின்னக் கீறலுக்குக் கிளைம் போடப் போவதில்லை, அதனால் எக்ஸஸ் வைத்தால் நஷ்டமில்லை, தள்ளுபடி சும்மா வருகிறது என்று அர்த்தம். எக்ஸஸ் சின்ன கிளைமில் மட்டும் கழிந்தால் இது சரி. ஆனால் அது பெரிய கிளைமிலும் கழியும். வண்டி முழுசாகப் போனாலும் கழியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: போட்டே ஆகவேண்டிய கிளைம் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும்?

ஆசிரியருக்கு அதற்குப் பதில் இருக்கிறது. 12 வருடத்தில் ஒன்று. இன்றைய மிச்சக் கணக்கை அந்த 12 வருடத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். 2,500 எக்ஸஸ் வைத்திருந்தால் 12 வருடத்தில் ஏறக்குறைய 4,000 மிச்சம். கிளைமில் 2,500 போகும். கொஞ்சம் லாபம். 5,000 வைத்திருந்தால் மிச்சமும் 5,000, போவதும் 5,000. 7,500-இல் 6,000 மிச்சம் பிடிக்க 7,500 போகும். 15,000-இல் 7,000 மிச்சம் பிடிக்க 15,000 போகும். வேறு மாதிரி சொன்னால், 15,000 எக்ஸஸ் கட்டுப்படியாக வேண்டுமென்றால் இவர் 25 வருடத்துக்கு மேல் கிளைமே போடாமல் இருக்க வேண்டும். வண்டிக்கே வயது 12.

சரி, இது துல்லியமான கணக்கா என்றால் இல்லை. பிரீமியம் ஒவ்வொரு வருடமும் மாறும், ஐடிவி இறங்கும், 2016-இல் அவருக்கு என்சிபியே கிடையாது. ஆனால் 15,000-க்கும் 2,500-க்கும் நடுவே உள்ள இடைவெளி இந்தத் திருத்தங்களால் மூடிவிடும் அளவுக்குச் சின்னது இல்லை.

தண்ணீர் லாரி பில்

எக்ஸஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் ஒரு பழைய பில்லை எடுத்து வந்தார். ரின்யூவலுக்குச் சில மாதம் முன்பு தெருவில் ரிவர்ஸ் எடுத்த தண்ணீர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்த வண்டியின் முன்பக்க இடது மூலையை நசுக்கியிருக்கிறது. லாரிக்காரர் கையில் 500 ரூபாயைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். "என்சிபி போயிடும்னு நானே கையிலிருந்து கட்டிட்டேன்" என்றார் ஆசிரியர், கொஞ்சம் பெருமையாகவே.

பில் 15,000. முன்பம்பர் 2,800, ஃபெண்டர் 1,600, ஹெட்லைட் 2,400, பெயின்டிங் 6,000, டிங்கரிங் உட்பட லேபர் 2,200. இதைக் கிளைம் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்?

பழைய காரின் இன்சூரன்ஸில் நிஜமான எக்ஸஸ் டிடக்டபிள் என்ற இடத்தில் இருப்பதில்லை, தேய்மானம் என்ற இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர் போன்றவற்றுக்கு வண்டி புதிதோ பழசோ, பாதிதான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்கு வயதுக்கேற்ப வெட்டு; 10 வருடம் தாண்டினால் அங்கேயும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் வெட்டு இல்லை. பெயின்டிங்கில் பொருள் விலையில் பாதி போகும்; பில்லில் பொருளையும் கூலியையும் பிரிக்காவிட்டால் மொத்தத்தில் கால்பங்கைப் பொருள் என்று எடுத்துக்கொள்வார்கள். லேபருக்கு வெட்டில்லை. இந்தத் தேய்மான வெட்டு இல்லாமல் இருக்க 'பம்பர் டு பம்பர்' என்று வாங்குகிறோமே, அந்த ஜீரோ டெப்ரிசியேஷன் இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

ஆகவே பம்பருக்கு 1,400, ஃபெண்டருக்கு 800, ஹெட்லைட்டுக்கு 1,200, பெயின்டிங்குக்கு 5,250, லேபர் முழுசாக 2,200. கூட்டினால் 10,850. கட்டாய டிடக்டபிள் 1,000 போக 9,850. பழைய பாகங்களின் கழிவு விலை என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஏதாவது கழித்தால் அது கொஞ்சம்தான்.

அதற்கு எதிரே என்சிபி இழப்பு. கிளைம் போட்டால் அடுத்த ரின்யூவலில் 50 சதவீதம் பூஜ்ஜியமாகும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் விட்டுப்போவதைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5. மொத்தம் ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். 2,824-க்கு 3,530, ஜிஎஸ்டியோடு 4,165. ஐடிவி வருடா வருடம் இறங்குவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

ஆக, இந்த பில்லுக்குக் கிளைம் போட்டிருந்தால் ஆசிரியர் கையில் 5,700 ரூபாய் போல நின்றிருக்கும். 50 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பயந்துவிட்டார். விலை குறைந்த வண்டியில் என்சிபி சதவீதமாகத்தான் பெரிது, ரூபாயாகச் சிறிது. 12 லட்ச ரூபாய் கார் வைத்திருப்பவர் அதைப் பொத்திப் பாதுகாப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதே பில்லை எக்ஸஸின் மேல் வைத்துப் பாருங்கள். 2,500 வைத்திருந்தால் கையில் வருவது 7,350. என்சிபி இழப்பைக் கழித்தாலும் போடத் தக்க கிளைம்தான். 5,000 வைத்திருந்தால் 4,850. என்சிபி போனது போக எழுநூறு ரூபாய் மிஞ்சும், அதற்காக ஷெட்டுக்கும் சர்வேயருக்கும் அலைய வேண்டாம். 7,500-இல் நஷ்டம். 15,000-இல் கம்பெனி தர வேண்டியது ஒன்றுமே இல்லை. நகரத்தில் பழைய காருக்கு வரும் அடி பெரும்பாலும் இந்த அளவுதான்: ஒரு மூலை, ஒரு கதவு, ஒரு பம்பர். 15,000 எக்ஸஸ் என்றால் இப்படிப்பட்ட அடிகள் எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான்.

பில் எழுதும் விஷயத்தில் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்ன ஷெட்களில் 'டிங்கரிங், பெயின்டிங், மெட்டீரியல், மொத்தம்' என்று ஒரே வரியில் போடுவார்கள். பாகம், லேபர், பெயின்ட் மூன்றையும் பிரித்து எஸ்டிமேட் கேட்டு வாங்குங்கள். வெட்டில்லாத லேபர், வெட்டுள்ள பாகத்தோடு கலந்து போகக் கூடாது. வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுவதும் முக்கியம்.

தண்ணீர் வந்தால்

மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் என்றாலே டிசம்பர் ஞாபகம்தான் வரும். 2015, அப்புறம் 2023-இல் மிக்ஜாம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம். ஆசிரியரும் அந்த முறை அப்படி நிறுத்தியவர்களில் ஒருவர்.

இந்த வண்டிக்குள் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறினால் இரண்டில் ஒன்று நடக்கும். ரிப்பேர் செய்யும் அளவு என்றால், உதாரணத்துக்கு 80,000 பில், அதில் பாகங்கள் 60,000, லேபர் 20,000 என்று வைப்போம். பாகங்களில் பாதி போய் 30,000, லேபர் 20,000, கட்டாய டிடக்டபிள் போக 49,000 வரும். யாரும் டிக் போடாமலேயே பாலிசி அவர் தலையில் 31,000-ஐ ஏற்றி வைத்திருக்கிறது. அதன் மேல் இன்னொரு 15,000-ஐ நாமே போய்க் கேட்டு வாங்குவதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, பாலிசி நிபந்தனைப்படி கணக்கிட்ட ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டுவது. அப்போது வண்டி முழு நஷ்டம் என்று கணக்காகும். அங்கே பாகம் பாகமாகத் தேய்மானம் பார்க்கமாட்டார்கள். ஐடிவியில் இரண்டு டிடக்டபிளையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். இந்த இடத்தில்தான் மகனின் கோட்டில் இருந்த இரண்டாவது எண், ஒரு லட்ச ஐடிவி, வேலையைக் காட்டுகிறது. 5 வயது தாண்டிய வண்டிக்கு ஐடிவி நாமும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்வது. கோட் எடுக்கும்போது பிரீமியம் குறைவாகத் தெரியட்டும் என்று கீழ் எல்லையை ஒட்டிய ஒரு தொகை தானாக வந்து உட்கார்ந்திருக்கும். பலரும் அதை மாற்றலாம் என்றே கவனிப்பதில்லை.

மகனின் கோட்டில் தனிநபர் விபத்துக் காப்பை விட்டுவிட்டு வந்த தொகை 3,245 ரூபாய். ஐடிவி 1,40,000, வாலன்டரி எக்ஸஸ் எதுவுமில்லாமல் போட்டால் 4,137. வித்தியாசம் 892 ரூபாய். முழு நஷ்டம் என்று வந்தால் மகனின் பாலிசியில் கிடைப்பது 84,000. மற்றதில் 1,39,000. 55,000 ரூபாய் வித்தியாசம். இதைச் சொன்னதும் ஆசிரியர், "அவன்கிட்ட நீங்களே பேசிடுங்க தம்பி" என்று போனை நீட்டிவிட்டார்.

மகனிடம் பேசியபோது அவர் கேட்டது நல்ல கேள்வி. இத்தனை வெட்டு இருக்கிறதென்றால் ஓன் டேமேஜையே எடுத்துவிட்டு வெறும் தேர்டு பார்ட்டி போதாதா? விலை மிகக் குறைந்த வண்டிக்கு எக்ஸஸைப் பற்றி யோசிப்பதைவிட இதை யோசிப்பது மேல் என்பேன். இந்த வண்டிக்கு இப்போது பதில் வேண்டாம் என்பதுதான். 1,666 ரூபாய்க்கு 1,40,000 மதிப்புள்ள காப்பு, அதுவும் தண்ணீர் தேங்கும் ஏரியாவில், மலிவு. தவிர, ஓன் டேமேஜை ஒருமுறை விட்டுவிட்டால் 90 நாளில் என்சிபி காலாவதியாகும். திரும்ப வேண்டுமென்றால் வண்டியைக் காட்டி இன்ஸ்பெக்ஷன் முடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசியில் போட்டது

ஐடிவி 1,40,000. வாலன்டரி டிடக்டபிள் 2,500. பிரீமியம் 3,804. எக்ஸஸே வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். வருடத்துக்கு 333 ரூபாய்க்காக ஒரு கிளைமில் 2,500-ஐ விட்டுக்கொடுப்பது பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. மகன் சொன்னதற்கும் ஏதாவது இருக்கட்டும் என்று ஆசிரியர் அதை வைத்துக்கொண்டார். குடும்பத்துக்குள் நடக்கும் ரின்யூவல்களில் இதுவும் ஒரு காரணம்தான்.

இதே கணக்கை எல்லா வண்டிக்கும் தூக்கிப் போட முடியாது. என்சிபி பூஜ்ஜியத்தில் இருந்து, கார் நாலைந்து லட்சம் பெறுமானால், 5,000 எக்ஸஸ் யோசிக்கத் தக்கது. அங்கே ஓன் டேமேஜ் பிரீமியம் பெரிது, தள்ளுபடியும் கையில் நிற்கும். வீட்டில் புதிதாக வண்டி பழகும் பிள்ளை இருந்தால் எக்ஸஸ் பக்கமே போக வேண்டாம். கம்பெனி தரும் தள்ளுபடி 40-க்குப் பதில் 70 சதவீதம் என்றால் மேலே சொன்ன மிச்சமெல்லாம் இன்னும் பாதியாகச் சுருங்கும். அதனால் கோட் எடுக்கும்போது டிடக்டபிளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ஜிஎஸ்டியோடு வரும் தொகை எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். எக்ஸஸை அந்த இறக்கத்தால் வகுத்தால் எத்தனை வருடம் கிளைம் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று வந்துவிடும்.

ஆசிரியரின் வண்டிக்கு 2028-இல் 15 வயது ஆகும். ஆர்சி புதுப்பிக்க ஃபிட்னஸ் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குள் ஐடிவியும் இன்னும் கீழே வந்திருக்கும். அப்போது தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா என்ற மகனின் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.